அனைவரும் வருக

சனிக்கிழமை நாளிதழைப் புரட்டும்போது ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்ற சிறு கட்டத்தை வாசக அன்பர்கள் கண்டிருப்பர். ஓவியக் கண்காட்சித் திறப்பு, நாடகம், நூல் வெளியீடு, நினைவுச் சொற்பொழிவு எனச் சென்னை மாநகரில் அன்றும் மறுநாளும் நடைபெறவிருப்பவை அங்கே பொடியெழுத்தில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அவற்றுள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அழைப்பிதழ் அச்சிட்டிருப்பின் அதன் அடியில் ‘அனைவரும் வருக’ என்ற வரி தவறாது இடம்பெறும்.

அவ்வரியை எழுதுவோர் மனமறிந்து பொய்யுரைக்கின்றனர் என நாம் கூறவில்லை. கதவு உண்மையிலேயே திறந்துதான் இருக்கிறது. ஆயினும் உள்ளே சென்று பார்த்தால் போன வாரம் கண்ட அதே முகங்கள். அதற்கு முந்திய வாரமும் கண்டவை. மக்களுக்குச் சுவையுணர்வு போதாது, திரைப்படமும் தொலைக்காட்சியும் அதைக் கெடுத்துவிட்டன என்பது கலைஞர் வட்டாரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் விடை. அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு படைப்பை நின்று நிதானித்துப் பார்க்கவும், பார்த்தபின் ‘நன்று’, ‘நன்றன்று’ என வாய்திறந்து சொல்லவும் தனக்கு உரிமையுண்டு என்ற எண்ணம் ஒருவருக்கு ஏற்பட்டால்தான் அவர் ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் அடங்குவார். நம் மாநகரின் கலை நிகழ்ச்சிகள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இந்த உரிமையை மட்டும் உள்ளே பூட்டி வைத்திருக்கின்றன என்பதே நமது குறை.

முதலில் ‘வார இறுதி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் மொழிக்கு இது புதுவரவு. அரசு அலுவலர்க்கும் கணினி நிறுவனத்தார்க்கும் சனியும் ஞாயிறும் சேர்ந்து ஓய்வாக வாய்க்கின்றன. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நிற்கும் இளம்பெண்ணுக்கோ ஞாயிறுதான் வாரத்தின் மிகக் கடினமான நாள். அவ்வாறு நிற்போர் வேலைக்கிடையே உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தது 2021ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஞாயிறு ஓய்வு பெற்ற கத்தோலிக்கக் குடும்பத்திலும் திருப்பலி, பிள்ளைகளின் மறைக்கல்வி, கறிக்கடை வரிசை, பகல் உணவு, சற்றுக் கண்ணயர்வு என்று பொழுது கழிந்து, எஞ்சுவது மாலையில் இரண்டு மூன்று மணி நேரம். அந்தச் சிறுபொழுதைத் தம்மிடம் கொண்டுவந்து தருவோரைக் கலையரங்குகள் எவ்வாறு நடத்துகின்றன என்று கேட்பது முறையான கேள்வியே.

ஓவியத்தைப் பொறுத்தவரை சென்னைக்கு வறுமை இல்லை. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறினர் என்பது ஓவியர் வரலாற்றில் அரிய செய்தி. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் வட்டார மையம் இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் தனியார் காட்சிக்கூடங்கள் பல.

இவற்றுள் ஒன்றில் திறப்பு விழாவன்று சென்றால் ஓவியங்களைப் பார்ப்பவர் எவரையும் காண்பது அரிது. அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பர். சுவர்கள் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும். குத்துவிளக்கேற்றி, சிறப்பு விருந்தினர் பேசி, புகைப்படம் எடுத்து முடிந்தபின் சிற்றுண்டி. மறுநாள் போனால் கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். வாயிலருகே ஒரே ஒரு நாற்காலி; அதில் ஓவியர் அமர்ந்திருப்பார். பார்க்க வருபவர் உட்கார ஒரு விசிப்பலகை கூட இராது. அரை மணி நேரம் பார்க்கத்தக்க ஓவியத்தை யாரும் அரை மணி நேரம் பார்க்கப் போவதில்லை என்று கூடம் அமைத்தவர்களே முன்கூட்டி முடிவு செய்துவிட்டது போன்ற ஏற்பாடு இது.

விளக்கச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஓவியத்தின் பெயர், அளவு, பூச்சு வகை எல்லாமே அம்மொழியில். ‘தலைப்பு இல்லை’ என்று சொல்வதற்குக்கூட நமக்கு ஒரு பிறமொழி வேண்டியிருக்கிறது! கலை வாங்குவோர் ஆங்கிலம் அறிந்தவர்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். வாங்குபவருக்காக வைக்கப்பட்ட சீட்டைப் பார்ப்பவர் படிக்க நேர்கையில், தாம் அழைக்கப்படாத விருந்தில் நிற்பதாக உணர்வது இயல்பன்றோ?

இதற்கு மாறாக, பணிக்கரின் ஓவியங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை அவர் 1963இல் தொடங்கினார். சாதகக் கட்டங்கள் போன்ற கோடுகள், கணக்குகள், மீன், பறவை, இவற்றினூடே மலையாள எழுத்தைப் போலத் தோன்றும் நெருக்கமான வரிகள். அருகில் சென்று படிக்க முயன்றால் படிக்க இயலாது. மலையாளம் அறிந்தவராலும் இயலாது. ஏனெனில் அவை எழுத்துகளின் தோற்றம் மட்டுமே கொண்டவை. இவ்வோவியத்தின் முன் பேராசிரியரும் எழுத்தறியாத மூதாட்டியும் ஒரே நிலையில் நிற்கின்றனர். ஒருவேளை மூதாட்டிக்கே அது எளிதில் வசப்படலாம். படிக்கத் தெரியாத எழுத்தை மரியாதையோடும் சற்று அச்சத்தோடும் உற்று நோக்குவது எப்படி என்பதை அவர் சோதிடரிடத்திலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் வாழ்நாளெல்லாம் பழகியிருக்கிறாரே! மக்களுக்குப் புரியாது என்று ஒதுக்கப்படும் நவீன ஓவியம் அவர்களுடைய வாழ்விலிருந்தே பிறந்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மூதாட்டியை ஈஞ்சம்பாக்கம் வரை அழைத்துச் செல்வோர் இல்லை என்பதுதான் துயரம்.

அவர் போயிருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னைவாசிகள் ஒரு காலத்தில் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிச் சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கினர். எள்ளலும் உரிமையும் கலந்த பெயர்கள். உரிமை இல்லாத இடத்துக்கு யாரும் செல்லப்பெயர் வைப்பதில்லை. 1851இல் தோன்றிய இந்த அருங்காட்சியகத்தில் விடுமுறை நாள்களில் கூட்டம் நிரம்பி வழிகிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த இளம் இணையர், சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் என யாவரும் தயக்கமின்றி நுழைகின்றனர். விளக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. இங்குள்ள குறை வேறு. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்த வேகத்திலேயே சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பார்த்துவிட்டு நகர்கிறது கூட்டம். திருவாலங்காட்டு நடராசரின் தூக்கிய திருவடிக்கும் ஊன்றிய காலுக்கும் இடையே உள்ள சமநிலையைச் சுட்டிக்காட்டி, ‘இங்கே நின்று பாருங்கள்’ எனச் சொல்ல ஒருவர் இருந்தால் பத்து நிமிடத்தில் நிலைமை மாறும். நுங்கம்பாக்கத்தில் நேரம் இருக்கிறது, கூட்டம் இல்லை; எழும்பூரில் கூட்டம் இருக்கிறது, நிற்க வைப்பார் இல்லை.

நாடகத்துக்கு வருவோம். அருங்காட்சியக வளாகத்திலேயே அமைந்த அரங்கு 1896ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் நம் சாந்தோம் பேராலயம் இன்றைய வடிவில் கட்டி முடிக்கப்பெற்றது. கன்னிமாரா நூலகமும் அவ்வாண்டிலேயே திறக்கப்பட்டது. வழிபாட்டுக்கும் வாசிப்புக்கும் நடிப்புக்கும் ஒரே ஆண்டில் கட்டடம் கண்ட நகரம் இது.

ந. முத்துசாமி முதலானோர் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும், அதற்கு அடுத்த ஆண்டில் ஞாநி தொடங்கிய பரீக்‌ஷாவும் தமிழ் நாடகத்துக்குப் புதிய மூச்சளித்தன. முத்துசாமி புரிசைத் தெருக்கூத்தைக் கண்டு வியந்து, அதில் நவீன நாடகத்துக்கு வேண்டிய உடல்மொழி இருப்பதை எடுத்துக்காட்டியவர். கூத்துப்பட்டறையில் பயின்ற நடிகரின் கழுத்தும் தோளும் கூடப் பேசும் என்பதைப் பார்த்தவர் மறுக்கமாட்டார். அவ்வழி வந்தோருள் சிலர் உடலை வளைப்பதே நாடகம் என்றும், விளங்காமையே ஆழம் என்றும் எண்ணிக்கொண்டதையும் சொல்லாமல் விடலாகாது.

ஆனால் நம் மனத்தை உறுத்துவது இந்நாடகங்களின் ஆயுள். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் சனிக்கிழமை மாலை ஒருமுறை, ஞாயிறு மாலை ஒருமுறை நடக்கும், அத்தோடு முடிந்தது. அரங்க வாடகை, விளக்கு, ஒலி என்று செலவு கழுத்தை நெரிக்கிறது. நடிப்போர் பகலில் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். காரணங்கள் நியாயமானவையே. எனினும் நாடகம் எப்படிப் பரவுகிறது என்பதை எண்ண வேண்டும். சனியன்று பார்த்த ஒருவர் திங்களன்று அலுவலகத்தில் சொல்கிறார். கேட்டவர் வீட்டில் சொல்கிறார். ‘வரும் ஞாயிறு போகலாமா?’ என்று அக்குடும்பம் பேசி முடிவெடுக்கும்போது அந்த நாடகமே இல்லை. வாய்மொழிப் பாராட்டு ஊரைச் சுற்றி வர ஒரு வாரமாவது வேண்டும். நம் நவீன நாடகம் இரண்டே நாளில் மடிகிறது. ஆதலால் ஏற்கெனவே அறிந்தவர் மட்டுமே வருகின்றனர். அவர்களும் பெரும்பாலோர் நடிகரின் உற்றார், நண்பர். அவர்கள் கைதட்டத்தான் செய்வர். அந்நியர் ஒருவரின் முகச்சுளிப்பை எதிர்கொள்ளாத நாடகம் எவ்வாறு வளரும்?

சபா நாடகங்களை இகழ்வது நவீன நாடகத்தாரின் வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. துணுக்குகளைக் கோத்து மாலையாக்கிய அந்நாடகங்களில் பெரும்பாலானவை மறுநாள் நினைவில் நிற்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே நாடகம் சபாவுக்குச் சபா நகர்ந்து நூற்றுக்கணக்கான முறை மேடையேறியது. சிரிப்பு எழாத இடத்தை ரசிகர்களே நடிகருக்குக் கற்பித்தனர். உறுப்பினர் சந்தா என்ற எளிய முறை நாடகத்துக்கு ஆயுளைக் கொடுத்தது. அறிவார்ந்த நாடகத்துக்கு அப்படியொரு முறையை ஏன் ஒருவரும் அமைக்கவில்லை? 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் ‘பொன்னியின் செல்வ’னைத் திறந்த வெளியில் நிகழ்த்தினர். அறிந்த கதையும் அச்சமூட்டாத இடமும் அமைந்தால் நாடகமே பார்த்திராத குடும்பங்களும் வரும் என்பதை அது உணர்த்தியது.

சொற்பொழிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. நம் வாசகர்கள் அனுபவித்தே அறிவர். ஐந்தரைக்கு என்று அச்சிட்ட கூட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. யாரைக் கேட்க வந்தோமோ அவர் எழும்போது மணி எட்டு. ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் திரும்ப வேண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருப்பர். கேள்விக்கு நேரம் இராது. கேள்வி இல்லாத சொற்பொழிவில் கேட்பவர் வெறும் தலைக்கணக்கு.

இவ்விடத்தில் ஞாநியை மீண்டும் நினைக்கத் தோன்றுகிறது. 2018இல் மறைந்த அவர், கலைஞர் கருணாநிதி நகரில் தம் வீட்டுக் கிணற்றடியில் ‘கேணி’ என்ற பெயரில் மாதந்தோறும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடத்தி வந்தார். மேடை இல்லை, பொன்னாடை இல்லை. அழைக்கப்பட்டவர் பேசுவார், வந்திருப்போர் வினவுவர். கிணற்றடி என்பது ஊர்ப்பெண்கள் கூடிப் பேசும் இடமாதலால், அங்கே யாருக்கும் வாய்திறக்கக் கூச்சம் இருப்பதில்லை போலும். சமாரியப் பெண் ஆண்டவரிடமே எதிர்க்கேள்வி கேட்டதும் கிணற்றடியில்தானே!

கலையை அரங்கிலிருந்து வெளியே கொண்டுவந்த முயற்சிகளும் நம் நகரில் குறைவல்ல. அருட்தந்தை ஜெகத் கஸ்பரும் கவிஞர் கனிமொழியும் முன்னின்று 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் தப்பாட்டத்தையும் கரகத்தையும் இறக்கியது. சில ஆண்டுகள் நின்றுபோய், அரசின் ஏற்பாட்டில் 2023இல் மீண்டும் வந்தது. மயிலை நாகேசுவரராவ் பூங்காவில் ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி இன்றிச் சிறுவர் பாடும் கச்சேரி, நடைப்பயிற்சிக்கு வந்தவரையும் நிற்க வைத்தது. 6.1.2018 சனிக்கிழமை மாலை கீழ்ப்பாக்கத்தில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் கானாவைப் பெருமேடையில் ஏற்றினர். வடசென்னையின் சாவு வீடுகளில் பாடப்பட்டதாலேயே இழிவாகக் கருதப்பட்ட பாட்டு அது. அன்று திரண்ட பெருங்கூட்டத்தில் பலர் அப்பாட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள். எந்தத் தாளம் தவறுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவும் குறிப்பிடத்தக்கது. பரதமும் கருநாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. மீனவர் தெருவுக்கு வழி கேட்டு வந்து, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இடம் பெற்று அமர்ந்தவர்கள் இசையரங்கில் முன்வரிசையில் அமர்ந்து பழகியவர்கள். விருந்தினரும் வீட்டாரும் இடம் மாறினர்.

இடத்தை மாற்றினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று கொள்வதும் தவறு. துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர், ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய பகுதி. 2020இன் தொடக்கத்தில் அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் வெளிநாட்டு ஓவியர்களும் நம்மவரும் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டினர். வண்ணமும் முகங்களும் கண்ணைக் கவர்பவை என்பதில் ஐயமில்லை. அம்முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஊரின் பெயர் வேறு வகையில் பேசப்பட்டது ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் சுவர் யாருடையது? வீட்டின் வெளிப்புறத்தை வார இறுதியில் படம்பிடிக்க வருபவர்கள் பார்க்கின்றனர். உள்ளே இருப்பவருக்கு அச்சுவரின் மறுபக்கம்தான் தெரியும். அங்கே ஈரம் ஊறினால் ஓவியம் என்ன செய்யும்? இந்த ஓவியம் எங்களுக்கு வேண்டாம், வேறொன்று தீட்டுங்கள் என்று சொல்லும் நிலை அம்மக்களுக்கு இருக்குமானால் அதுவே நாம் வேண்டும் உரிமை. அது இல்லாதவரை தெருவும் ஒரு காட்சிக்கூடமே.

இவ்வுரிமை எப்படியிருக்கும் என்பது கத்தோலிக்கருக்குத் தெரியாததன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பாஸ்கா நாடகத்தைப் பார்ப்போரின் பேச்சைக் கேட்டவர் அறிவர். கதை அனைவரும் அறிந்ததே, முடிவிலும் ஐயமில்லை. ஆகவே பேச்செல்லாம் நடிப்பைப் பற்றியது. இந்த ஆண்டு யூதாசு சரியில்லை, பிலாத்துவின் குரல் எடுபடவில்லை, மரியன்னையாக வந்தவர் அழாமலேயே அழவைத்துவிட்டார் என்று வயலில் உழைப்பவர்கள் வரிவரியாகத் தீர்ப்புச் சொல்வர். தென்கடலோர ஊர்களின் வாசாப்பு மேடையைச் சுற்றியும் இத்தகைய பேச்சுத்தான். இம்மக்களின் பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து இருபது ஆண்டு கழிந்தும் ஒரு நாடகத்துக்குப் போனதில்லை என்றால், அவர்களுக்குச் சுவையுணர்வு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நம் பங்குகளில் மண்டபங்கள் இருக்கின்றன. பள்ளிகளில் மேடைகள் இருக்கின்றன. திருமண வரவேற்புக்கு வாடகைக்கு விடப்படும் நாள்கள் போக ஞாயிறு மாலைகள் பல வீணே கழிகின்றன. வாடகையின்றி நான்கு ஞாயிறு மாலைகளை ஒரு நாடகக் குழுவுக்குக் கொடுத்தால், இரண்டாம் வாரத்தில் அக்கம்பக்கத்தார் வருவர்; மூன்றாம் வாரத்தில் குறை சொல்வர்; நான்காம் வாரத்து நாடகம் முதல் வாரத்ததை விட நன்றாயிருக்கும். சமயச் சார்பான நாடகமாகத்தான் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை விதிக்காதிருப்பது நலம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறவாத சிற்பி தனபால் கிறிஸ்துவை வடித்தபோது அவரிடம் யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. மறைக்கல்வி ஆசிரியர்களும் ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை ஒரு காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, ஒரே ஒரு ஓவியத்தின் முன் தரையில் உட்கார வைத்து, பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, ஏன் என்று கேட்கலாம்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறன்று திறந்திருக்கும்.